ஊர்க் கிணறும் அடுத்தவர் வழியும்

எனக்கு முன்கோபம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். கிணறு ஊருக்குச் சொந்தம், ஆனால் அந்தக் கிணற்றுக்குப் போகிற வழி ஒரே ஒரு மனிதருக்குச் சொந்தம் என்று கோர்ட்டு முத்திரை குத்திய காகிதத்தில் படித்தவளுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. இப்போதும் அதை நினைத்தால் கையில் இருக்கிற பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகத்தான் கீழே வைக்கிறேன்.

திருவனந்தபுரத்தில், பழவங்காடியிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஓர் ஓடை வரும். ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. மூன்று சென்ட் நிலம், இரண்டு அறை, ஓட்டுக்கூரை. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்கு நிறுக்கிற வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமான வருஷமே அந்த மூன்று சென்டை வாங்கிவிட்டார். எங்களோடு சேர்த்து அந்த வரிசையில் ஏழு வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள்தான். கொத்து வேலை, ஹோட்டல் வேலை என்று வருவார்கள், நாலைந்து வருஷம் வாடகைக்கு இருப்பார்கள், போய்விடுவார்கள். அசையாமல் இருந்தது நாங்கள் மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய புரையிடம். வீடும் தென்னையும் பலாவுமாகச் சேர்ந்து கிடக்கிற மனையை இங்கே அப்படித்தான் சொல்வது. அதன் கோடியில், ஓடையை ஒட்டிய மூலையில், ஊர்க் கிணறு. ராஜா காலத்தில் வெட்டியது என்பார்கள். கிணற்றுக்கு ஒரு பக்கம் ஓடை, இரண்டு பக்கம் ஆள் உயரக் கருங்கல் சுவர், மிச்சமிருக்கிற ஒரு பக்கம் அந்தப் புரையிடம். எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து தென்னைகளுக்கு நடுவே கிணற்றுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. நூறு எட்டுகூட இருக்காது. சுற்று வழி ஒன்றும் உண்டு. ரோட்டுக்கு வந்து, லாரிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி, பாலம் ஏறி இறங்கி, அக்கரையிலேயே நடந்து வந்து, கிணற்றுக்கு நேராக ஓடையின் குறுக்கே போட்டிருக்கும் தென்னந்தடியில் கால் வைத்துக் கடக்க வேண்டும். வெறும் கையோடு போனாலே இருபது நிமிஷம் ஆகும்.

அந்தக் கிணற்றை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா தம்பானூரில் இரண்டு ஹோட்டல்களுக்குத் தோசை மாவு ஆட்டிக் கொடுத்தாள். குழாய்த் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பிளீச்சிங் வாடை அடிக்கும். அதில் ஆட்டினால் மாவு பொங்காது, களிமண்போல அப்படியே கிடக்கும், தோசை வெளுத்துப்போய் வரும். அம்மா ஒருமுறை சோதித்துப் பார்த்தாள், அன்றைக்கே ஹோட்டல்காரர் டிரம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் ஊறப் போடுவதற்கும் ஆட்டுவதற்கும் கிணற்றுத் தண்ணீர்தான். தினமும் எட்டுக் குடம். அம்மா ஐந்து, நான் மூன்று.

அப்பாவின் ஊரில் ஒரு முறை இருந்ததாம். அடுத்தவர் மண்ணில் நடந்து தண்ணீர் எடுக்கிறவர்கள் தைப்பொங்கல் அன்று, தங்கள் வீட்டில் இலை போடுவதற்கு முன்னால், அந்த மண்ணுக்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு கொண்டுபோவார்கள். அப்பா ஊரை விட்டு வந்தாரே தவிர அந்த முறையை விடவில்லை. சர்க்கரைப் பொங்கல், ஒரு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு துண்டு கரும்பு. எட்டு வயதிலிருந்து தட்டைச் சுமந்தது நான்தான். புரையிடத்து அம்மா வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். ஓணத்துக்கு அங்கேயிருந்து உப்பேரியும் சர்க்கரை வரட்டியுமாக வாழைக்காய் வறுவல் எங்களுக்கு வரும். அந்த அம்மாவின் மகன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நடப்பதற்குள்ளேயே பொங்கலை விரலால் வழித்துத் தின்ன ஆரம்பித்துவிடுவார், அதுவும் நெய் அதிகமாக மிதக்கிற பக்கமாகப் பார்த்து. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அப்பா எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லியிருக்க வேண்டியது அந்த விரலிடம்.

அந்த அம்மா இறந்த மறு வருஷம் மகன் கல்ஃபிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தார். பழைய ஓட்டு வீட்டை இடித்தார், மாடி வைத்துக் கட்டினார், சுற்றிலும் மதில் எழுப்பினார். அதுவரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரவர் காசு, அவரவர் வீடு. எங்கள் கொல்லைப்புறத்துப் பாதை தொடங்குகிற இடத்தில் மட்டும் மதிலில் இடைவெளி விட்டிருந்தார்கள். எவ்வளவு நல்ல மனசு பார் என்று அப்பா சொன்னார். இடைவெளி எதற்கு என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு காலையில் அம்மா வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். அந்த இடத்தில் இரும்புக் கதவு. உள்பக்கமாகப் பூட்டு.

நானும் அப்பாவும் முன்வாசல் வழியாக அவரைப் பார்க்கப் போனோம். உட்காரச் சொன்னார், சாயா கொடுக்கச் சொன்னார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா உட்காரவில்லை. முதலில் புரையிடத்துக்காரர்தான் பேசினார்.

"அண்ணாச்சி, நான் ஆரையும் துரத்தல. எனக்கு ரெண்டு பெண்பிள்ளைங்க. கண்டவனெல்லாம் முற்றத்து வழி கூடி நடந்தா பயம் இல்லையா? பின்னே, வழி உங்களுக்குள்ளதுன்னு பேப்பர் இருந்தா காட்டுங்க. நானே கதவைக் கழற்றிடறேன்."

பெண்பிள்ளைகள் விஷயம் நியாயம்தான், அதை நான் அன்றைக்கும் மறுக்கவில்லை. வாடகைக்கு வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் போகிற போக்கில் தேங்காய் பொறுக்கியதும் உண்டு. அதற்குத்தான் நான் சொன்னேன், இரண்டடியை விட்டுவிட்டு அதன் ஓரமாக உங்கள் பக்கம் இன்னொரு மதில் கட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் மறைவு, எங்களுக்கும் தண்ணீர் என்று. அவர் சிரித்தார். இரண்டடி மண்ணும் மண்தானே, இன்றைக்கு இந்த ஊரில் என்ன விலை தெரியுமா என்று கேட்டார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வரும்போது கும்பிடு வேறு.

அன்றிலிருந்து சுற்று வழி. பாலம் ஏறி, அக்கரை நடந்து, தென்னந்தடி தாண்டி. எட்டுக் குடத்துக்குப் பதிலாக நாலு குடம் எடுப்பதற்குள் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போகும். பாதி மாவுதான் ஆட்ட முடிந்தது. இரண்டு ஹோட்டலில் ஒன்று நின்றுபோனது.

பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ் ஒன்றைத் தேடி நான் மனு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த கிளார்க் பெரிய ரிஜிஸ்டரை இறக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிணறு இருந்தது. அதன் ஆழம், சுற்றளவு, கைப்பிடிச் சுவரின் உயரம், கப்பி உண்டு என்பது வரை எழுதியிருந்தது. வழி இல்லை. கிணறு ஞங்ஙளுடேது, வழி ஞங்ஙளுடேதல்ல என்று மலையாளத்தில் அமைதியாகச் சொன்னார். அதாவது கிணறு எங்களுடையது, வழி எங்களுடையதல்ல. பின்னே கிணற்றுக்கு வானத்திலிருந்தா குதிப்பது என்று கேட்டேன். வேறு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் அங்கேதான் எங்கேயாவது கிடக்கும்.

அப்போது நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். வக்கீல்களின் காகிதங்களை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அடித்து அடித்து, பாதி சட்டம் எனக்கே தெரியும் என்ற எண்ணம். அந்தத் திமிரில்தான் கேஸ் போடலாம் என்று நானே கிளம்பினேன். கடைக்கு வருகிற ஒரு வக்கீலிடம் கேட்டேன். சுற்று வழி ஒன்று இருப்பதால் வேறு வழியே இல்லை என்று கேட்க முடியாது, ஆனால் இருபது வருஷம் தொடர்ந்து உரிமையோடு நடந்திருந்தால் அந்த வழி உங்களுக்குக் கிடைக்கும் என்றார் அவர். இருபதா? அப்பா அம்மா அங்கே நடக்க ஆரம்பித்தது நான் பிறப்பதற்கு முன்னால். எனக்கே இருபத்தி நாலு வயது. ஜெயித்தாயிற்று என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா நின்றுபோன ஹோட்டல்காரரிடம் போய், கொஞ்ச நாள் பொறுங்க, வழி கிடைச்சிரும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வரிசையில் மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். இருபது வருஷத்துக்குச் சாட்சி சொல்ல அப்பா ஒருத்தர்தான். வக்கீல் அவரை உட்கார வைத்துப் பாடம் சொன்னார். நடந்தோம், யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. வீட்டில் நானும் அவரை வைத்து ஒத்திகை பார்த்தேன். நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். மூன்றாவது நாள் நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"மக்களே, அந்த அம்மா வழி விட்டாங்களா இல்லியா?"

"விடல்ல. நாம நடந்தோம். அப்படித்தான் சொல்லணும்" என்றேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சாட்சிக் கூண்டில் அப்பா நன்றாகத்தான் ஆரம்பித்தார். எத்தனை வருஷம் என்றால் வருஷம் சொன்னார். யாராவது தடுத்தார்களா என்றால் இல்லை என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தபோது நான் கத்துவார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி மெல்லக் கேட்டார். அண்ணாச்சி, பொங்கலுக்கு நீங்கள் அந்த வீட்டுக்குத் தட்டு கொண்டுபோவது உண்டோ?

இது அந்த வக்கீலுக்கு எப்படித் தெரியும்? பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த புரையிடத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பெருமையான விஷயத்தை அல்லவா கேட்கிறார்கள்! உண்டு சார், ஒரு வருஷம்கூட முடக்கினதில்லை என்றார். எதற்காகக் கொண்டுபோனீர்கள் என்று அடுத்த கேள்வி. எங்கள் வக்கீல் பாதி எழுந்தார். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"அவங்க மண்ணுலல்லா நடக்கோம். சம்மதம் இல்லாம அடுத்தவன் மண்ணுல காலு வைக்கலாமா சார்?"

தவளை தன் வாயால் கெட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் எனக்கு விளக்கினார். சம்மதத்தோடு நடந்தால் அது அவர்கள் காட்டிய தயவு, உரிமை இல்லை. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இருபது வருஷம் என்ன, இருநூறு வருஷம் நடந்தாலும் அவ்வளவுதான். "ஒரு நாளாவது அந்தம்மாகிட்ட சண்டை போட்டிருந்தா, நீ யாரு கேக்கறதுக்குன்னு நடந்திருந்தா, கேஸ் நம்ம பக்கம்" என்றார். கேட்டீர்களா நியாயத்தை? முறைத்துக்கொண்டு நடந்தவனுக்கு வழி சொந்தம். கும்பிட்டுக்கொண்டு நடந்தவனுக்கு வழி இல்லை. வருஷா வருஷம் அந்த வாசலில் போய் நின்று வசவு கொடுத்துவிட்டு வந்திருந்தால் என் அம்மாவுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். நாங்கள் பொங்கல் கொடுத்தோம். எந்த மடையன் எழுதிய சட்டம் என்று கோர்ட்டு வாசலிலேயே கத்தினேன். கடைக்கு வழக்கமாக வருகிற வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் அப்பாவைப் பிடித்து உலுக்காத குறை. உங்களை யார் அவ்வளவு நீளமாகப் பேசச் சொன்னது, அம்மா வயிற்றில் அடித்துவிட்டீர்களே என்றேன். பெற்ற அப்பாவிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. ஆனாலும் பேசினேன், பஸ்ஸில் பத்துப் பேர் கேட்கப் பேசினேன். கேட்டாரு, சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம், அந்தப் புரையிடத்துக்காரர் மேல் இருந்த கோபத்தைவிட அன்றைக்கு அதிகம். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அப்பா உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை இன்னாரிடம் இன்ன நேரம் கேட்டால் வெளியே வரும் என்று எங்கள் பொங்கலைத் தின்றவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். யார் மேல் வர வேண்டிய கோபம் இது?

தீர்ப்பு வர ஏழெட்டு மாதம் ஆனது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அப்பா சொல் அம்பலம் ஏறியது, அப்படியே வரிக்கு வரி தீர்ப்பில் இருந்தது. அதை வைத்துத்தான் தோற்றோம்.

அந்த வருஷம், ஜூனில் தொடங்குகிற எடவப்பாதி மழை விடாமல் கொட்டியது. ஓடை நிறைந்து ஓடியது. தென்னந்தடி பாசி பிடித்து வழுக்கிற நேரம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். மிச்சமிருந்த ஒரு ஹோட்டலையும் விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. இடுப்பில் குடத்தோடு தடியில் கால் வைத்து, விழுந்து, வலது மணிக்கட்டு ஒடிந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள், இல்லாவிட்டால் தண்ணீரோடு போயிருப்பாள். கட்டுப் பிரிக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஹோட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துவிட்டார். அவர் பேரில் குற்றமில்லை, காலையில் அவர் தோசை ஊற்ற வேண்டாமா? கிரைண்டரைத் துடைத்து, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்தாள் அம்மா.

ஊர்க் கிணறு சும்மா இருக்கவில்லை. யாரும் வராத கிணறு என்று புரையிடத்துக்காரர் அதில் ஒரு மோட்டாரை இறக்கினார். எங்கள் கொல்லையில் நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். ரோஜாவுக்கும் புல்தரைக்கும் ராஜா காலத்துத் தண்ணீர். அதற்கும் ஒரு மனு எழுதினேன்.

கை சரியான பிறகு, ஒரு நாள் நான் வேலையிலிருந்து வரும்போது அம்மா அடுப்படியில் ஏதோ யோசனையில் இருந்தாள். புரையிடத்துக்காரரின் மனைவி ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தாராம். அவர்கள் வீட்டில் காலையில் தோசை, மத்தியானம் சமையல், பாத்திரம் என்று ஓர் ஆள் வேண்டுமாம். மாமியார் இருந்த காலத்தில் எங்கள் மாவின் ருசி அந்த வீட்டில் பேச்சாக இருந்ததாம். நீங்களே வந்து ஆட்டித் தரணும் என்றாராம். கெட்ட பெண்மணி இல்லை அவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். போகக் கூடாது என்று நான் குதித்தேன். கேஸுக்குப் பிறகு அப்பா எதிலும் எதுவும் சொல்வதை விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்து இரும்புக் கதவை உள்ளேயிருந்து திறந்தார்கள். அம்மா போனாள். அதே பாதை, அதே நூறு எட்டு. வேலைக்காரி என்றால் வழி உண்டு. ரோட்டைச் சுற்றிவந்தால் நேரமாகும், அவர்களுக்குத் தோசை தாமதமாகும் அல்லவா?

சாயங்காலம் அம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தாள். கிணற்றுத் தண்ணீர். போகும்போது வீட்டுக்கு ஒரு குடம் எடுத்துக்கோங்க என்று அந்த அம்மாள் சொன்னாராம். குடத்தை இறக்கி வைப்பதற்குள் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கண்டபடி பேசினேன். எச்சில் பாத்திரம் கழுவினால்தான் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கிடைக்குமா, மானம் இல்லையா, கேஸ் போட்டு நாய்படாத பாடு பட்டது இதற்குத்தானா என்று. அம்மா ஒடிந்த கையை மற்றக் கையால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"ஏட்டி, நீ கோர்ட்டுல நின்னு ஒரு நாளு அந்தக் கதவத் தெறந்தியா? நான் பாத்திரம் கழுவித் தெறந்துட்டேன்லா. வாய மூடிட்டு தண்ணியக் குடி."

குடிக்க மாட்டேன் என்று வெளியே போய் நின்றேன். வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து நடந்து வந்த உடம்பு, தொண்டை வறண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, அம்மா பார்க்காத சமயமாகப் பார்த்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் மோந்து குடித்தேன். பிளீச்சிங் வாடை இல்லாத நல்ல தண்ணீர். இன்னொரு டம்ளரும் குடித்தேன்.